பழைய மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்களின் ஆங்கிலம்: நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எடிசனின் 'தி வொர்ம் ஊரோபோரஸ்' நாவலை வாங்கிச் சில பக்கங்களுடன் நிறுத்திவிட்டேன். அந்தக் காலத்து ஆங்கிலம் தெரியாமல் இத்தகைய நூல்களை வாசிக்க முடியாதா?"

முதலில், அது அந்தக் காலத்து ஆங்கிலமே அன்று. ஆங்கில எழுத்தாளர் இ.ஆர்.எடிசனின் அந்நாவல் வெளிவந்தது 1922இல். அதன் நடையோ ஷேக்ஸ்பியர் காலத்தை ஒட்டியது. இன்னொரு ஆங்கில எழுத்தாளரான வில்லியம் மோரிஸின் 'தி வெல் அட் தி வேர்ல்ட்ஸ் எண்ட்' என்ற மிகுபுனைவு நாவல் 1896இல் வந்தது; அதற்கு முந்தைய ஆண்டில் வந்த எச்.ஜி.வெல்ஸின் 'டைம் மெஷின்' நூலை இன்றைய மாணவர்களே பெரிய தடையின்றி வாசிக்கிறார்கள். ஆகவே பழைய நடை எடிசனும் மோரிஸும் விரும்பி மேற்கொண்டது. ஐஸ்லாந்தின் பழங்கதைகளான சாகாக்களை ஐஸ்லாந்து அறிஞர் எய்ரிகுர் மக்னூசனுடன் சேர்ந்து மொழிபெயர்த்து, 1871இலும் 1873இலும் அந்நாட்டுக்கே சென்று வந்த மோரிஸ், லத்தீன், பிரெஞ்சு வழி வந்த சொற்களை இயன்றவரை ஒதுக்கி, சிறு வாக்கியங்களை ஒன்றோடொன்று கோத்துச் சொல்லும் முறையைத் தம் நாவல்களுக்கும் கொண்டுவந்தார். எடிசனும் சாகாக்களில் தோய்ந்தவர்தான். ஆயினும் அவருடைய வாக்கியங்கள் மாளிகை, மணிகள், படைக்கலம் என்று விரிந்துகொண்டே செல்லும்.

எனவே சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்ட வேண்டாம். 'தௌ' (நீ), 'ஹாத்' (இன்றைய 'ஹாஸ்') போன்ற பழஞ்சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் விரைவில் பழகிவிடும். வாய்விட்டு வாசியுங்கள்; குறிப்பாக மோரிஸின் நடை காதில் விழும்போதுதான் தெளிகிறது. எடிசனில் பலரும் தடுமாறுவது தொடக்கத்தில்தான்: லெஸ்ஸிங்ஹாம் என்பவர் கனவுபோலப் புதன் கோளுக்குச் செல்கிறார், ஆனால் விரைவிலேயே கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். அவரைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டாம் அத்தியாயத்தின் மற்போர் வரை சென்றுவிடுங்கள். உண்மையான கதை அங்கே பிடித்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு அயர்லாந்து எழுத்தாளர் டன்சானியின் 'தி காட்ஸ் ஆஃப் பெகானா' (1905) ஏற்றது. பைபிளின் நடையில் அமைந்த, மிகச் சிறிய நூல் அது.

ஆங்கில எழுத்தாளர் ஹாட்ஜ்சனின் 'தி நைட் லேண்ட்' (1912) நாவல் மட்டும் கடைசியில் இருக்கட்டும். சூரியன் அணைந்த உலகில், மாபெரும் பிரமிடு ஒன்றுக்குள் எஞ்சிய மனிதகுலம் வாழும் அந்தக் கற்பனைக்கு ஈடு குறைவு. ஆனால் பழைய நடை அங்கே கதைக்குச் சுமையாகிவிட்டது என்பதே என் கருத்து. ஹாட்ஜ்சனே அதை 'தி ட்ரீம் ஆஃப் எக்ஸ்' என்று மிகவும் சுருக்கி வெளியிட்டிருக்கிறார். முதலில் அதை வாசித்துப் பாருங்கள்.