தூக்கமும் மறுதலிப்பும்: பேதுருவின் ஓர் இரவு

நேயர்களுக்கு என் அன்பின் வாழ்த்துகள்.

"அது என் பலவீனம், பிரதர்." சபை வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முன்கோபத்துக்கும் இதே பதில், வாங்கிய கடனைத் திருப்பித் தராததற்கும் இதே பதில். இன்னொரு பக்கம், ஜெபத்தில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது என்பதற்காக மாதக்கணக்கில் "நான் மகா பாவி" என்று நொந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலாமவர் பாவத்துக்குப் பலவீனம் என்று பெயர் வைத்திருக்கிறார். இரண்டாமவர் பலவீனத்துக்குப் பாவம் என்று பெயர் வைத்திருக்கிறார். நோயின் பெயர் மாறினால் மருந்தும் மாறிப்போகும்.

இரண்டையும் ஒரே மனிதரிடம், இயேசுவின் சீஷர் பேதுருவிடம், ஒரே இரவில் பார்க்கலாம். கெத்செமனே தோட்டத்தில் விழித்திருக்கச் சொல்லிவிட்டுப் போன இயேசு திரும்பி வந்து பார்க்கிறார், பேதுரு தூங்கிக்கொண்டிருக்கிறார். "ஒரு மணிநேரம் நீ விழித்திருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். கேட்ட கையோடு, "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று சொல்கிறார். சுவிசேஷம் எழுதிய லூக்கா இன்னும் ஒரு படி உள்ளே போய், அவர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று காரணத்தையும் எழுதி வைக்கிறார். மனம் பாரமானால் உடம்பு சாய்ந்துவிடும். அந்தத் தூக்கத்துக்காக இயேசு யாரையும் மனந்திரும்பச் சொல்லவில்லை. எழுந்து ஜெபம்பண்ணுங்கள் என்றார், அவ்வளவுதான்.

சில மணி நேரம் கழித்து, பிடிபட்ட இயேசுவைக் கொண்டுபோயிருந்த பிரதான ஆசாரியனுடைய முற்றம். குளிருக்காகப் போட்டிருந்த கரிநெருப்பின் பக்கத்தில் பேதுரு நிற்கிறார். இங்கே நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விழுகிற எல்லாரும் ஏறக்குறைய இதே படிகளில்தான் இறங்குகிறார்கள். முதலில் தூரத்திலே பின்சென்றார். பிறகு, பிடித்துக்கொண்டு வந்தவர்களோடு சேர்ந்து குளிர்காய்ந்தார். நீயும் இயேசுவோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு இல்லை என்றார். அங்கிருந்து வாசல் மண்டபத்துக்கு நகர்ந்தார் என்று மத்தேயு சொல்கிறார். அதாவது, வெளியே போகும் வழி அருகிலேயே இருந்தது. அங்கே இன்னொருத்தி அடையாளம் கண்டதும் ஆணையிட்டு மறுத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தது என்று லூக்கா கணக்குச் சொல்கிறார். அந்த ஒரு மணி நேரமும் பேதுரு கிளம்பவில்லை. மூன்றாம் முறை சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார். இயேசு முன்னமே சொல்லியிருந்தபடி, உடனே சேவல் கூவியது.

இது பாவம். கேள்வி கேட்கப்பட்டது, பதில் தெரிந்திருந்தது, போக வழியும் இருந்தது. சோதனையோடுகூடத் "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்று பவுல் எழுதுகிறார். அந்தப் போக்கு பெரும்பாலும் இப்படி ஒரு சாதாரண வாசல்தான்.

எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இரண்டு காரியங்கள் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கின்றன: இரக்கத்தைப் பெறுவது, ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யும் கிருபையை அடைவது. செய்துவிட்டதற்கு இரக்கம், தாங்க முடியாததற்குச் சகாயம். கிருபாசனம் என்கிற தேவனுடைய சிங்காசனம் ஒன்றுதான், ஆனால் என்ன கேட்டு வந்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாவம் என்றால் அறிக்கை. நம்முடைய தமிழ் இதில் நமக்கு ஒளிந்துகொள்ள நல்ல நல்ல இடங்களைக் கொடுக்கிறது. "தவறு நடந்துவிட்டது" என்கிறோம்; யார் செய்தது என்று வாக்கியத்தில் ஆளே இல்லை. "தெரிந்தோ தெரியாமலோ யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்" என்கிறோம். அந்த "இருந்தால்" முழு அறிக்கையையும் தின்றுவிடுகிறது. தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி நாத்தானிடம் தாவீது ராஜா சொன்னது, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." எழுவாய் இருக்கிறது, வினை முடிந்திருக்கிறது. அவருக்கு முந்தின ராஜா சவுலும் பாவஞ்செய்தேன் என்றுதான் சொன்னார். ஆனால் அதற்கு முன்பு ஜனங்கள்மேல் பழியைப் போட்டிருந்தார்; அதற்குப் பிறகும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டார். ஆகவே அறிக்கை செய்யும்போது "நான்" என்று தொடங்கி, செய்த செயலின் சொந்தப் பெயரைச் சொல்லி, "ஆனால்" வருவதற்கு முன் நிறுத்துங்கள். "பொய் சொன்னேன். இன்னாரிடம், இன்ன விஷயத்தில்." போதும்.

அடுத்தவருக்கு நஷ்டம் செய்திருந்தால் அறிக்கையோடு முடியாது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் கணக்கே இருக்கிறது: எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவரிடமே கொடுக்க வேண்டும். நூறு எடுத்தவர் நூற்றிருபது கொடுப்பார். வரி வசூலித்த சகேயு அதையும் தாண்டி நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, என்றார். நாம் அந்தப் பிரமாணத்தின் கீழ் இல்லை, உண்மைதான். ஆனாலும் உரியவரிடம் தராமல் அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதி தேடுவது கெட்டிக்காரத்தனம், மனந்திரும்புதல் அல்ல.

பலவீனத்துக்கு வேறு வேலை. பத்து நாள் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள்: சறுக்கிய நேரம், இடம், அப்போது கூட யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது. நான்கே தகவல். பலருக்கும் அதில் ஒரே நேரமும் ஒரே இடமும் திரும்பத் திரும்ப வரும். தூக்கம் குறைந்த நாளாகவோ, அவமானப்பட்ட நாளாகவோ இருக்கும். யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிற வரிசை இச்சை, அது கர்ப்பந்தரித்தல், பிறகு பாவம். கடைசிப் படியில் மல்லுக்கு நிற்பவர் தோற்பார், அங்கே சக்தி மிச்சமிருக்காது. முதல் படியில் இடத்தை விட்டு எழுந்து போவது எளிது. முற்றத்தில் அந்த ஒரு மணி நேரம் இருந்ததல்லவா, அதுதான்.

பவுல் தன் மாம்சத்தில் இருப்பதாகச் சொன்ன முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது என்ன என்று அவர் சொல்லவே இல்லை; ஆகவே அவரவர் தங்கள் சுபாவத்தை அதில் ஒளித்து வைக்கிறார்கள். மூன்று தரம் கர்த்தரிடம் கேட்டும் அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அந்த முள் குத்தியது பவுலை. முன்கோபம் குத்துவது வீட்டில் இருக்கிறவர்களை. அதை மாம்சத்திலுள்ள முள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பேதுருவுக்குத் திரும்ப வருவோம். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் அவரிடம் மூன்று முறை கேட்டார், ஆடுகளையும் ஒப்படைத்தார். பாவம் மன்னிக்கப்பட்டது. பலவீனம்? மனுஷருக்குப் பயப்படும் அந்தப் பழைய சுபாவம் பிற்பாடு அந்தியோகியாவில் தலைகாட்டியது. எருசலேம் சபையின் யாக்கோபினிடத்திலிருந்து யூதர்கள் சிலர் வந்ததும், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். இந்த முறை சேவல் கூவவில்லை, பவுல் முகமுகமாய் எதிர்த்துப் பேசினார்.

அப்படி ஒருவர் நமக்கும் வேண்டும். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். நம்மைக் கண்டு பயப்படாதவர், நம்மிடம் காரியம் ஆக வேண்டியிராதவர், கேட்டதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊரெல்லாம் பரப்பாதவர். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் போதும். "ஆவிக்குரிய வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்டால் நாம் "கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவோம். ஆகவே அந்தப் பத்து நாள் குறிப்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதில் இரவு பதினொரு மணி என்று எழுதியிருந்தால், அவர் கேட்க வேண்டியது இதைத்தான்: "இந்த வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?"