‘வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்ற பிறகு: கேரளத்தின் அக்கம்பக்கத்தார் நடத்தும் நோய் ஆதரவுச் சிகிச்சை

(காட்சி: மருத்துவமனைத் தாழ்வாரம். கையில் ஸ்கேன் உறையுடன் பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஒரு குடும்பம். முகங்கள் தெரியவில்லை.)

வணக்கம். புற்றுநோய் முற்றிய ஒருவரையோ, படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரையோ மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்த குடும்பத்தினரில் பலர் ஏதோ ஒரு நாளில் இந்த வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள்: “இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.” சொல்கிற மருத்துவர் கல்நெஞ்சராக இருக்க வேண்டியதில்லை. நோயைக் குணப்படுத்தும் வழிகள் முடிந்துவிட்டன என்பதையே அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குத்தான் மிகக் கடினமான காலம் தொடங்குகிறது, அதுவரை உதவிய கைகளும் அன்றோடு விலகத் தொடங்குகின்றன.

அறுவைசிகிச்சைக்கு என்று கேட்டால் ஊர் கூடிப் பணம் திரட்டித் தருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. இவை எல்லாமே தேவையானவை. எனினும் இவை பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன. இரவு 2 மணிக்கு வலி தாங்காமல் முனகுகிறவரின் அருகில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு யார் துணை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தக் கேள்விக்குக் கேரளம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விடை தேடத் தொடங்கியது. அந்த விடை எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

(காட்சி: கோழிக்கோடு நகரத்தின் காலை நேரம்.)

1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்களான எம். ஆர். ராஜகோபாலும் கே. சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து வலி மற்றும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். நோய் ஆதரவுச் சிகிச்சை என்றால், நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் நோயாளியின் வலியையும் துயரையும் குறைத்துக் கவனித்துக்கொள்வது. மயக்கவியல் மருத்துவர் என்றால் அறுவை அரங்கில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்பவர். அறுவை அரங்குக்குள் வலியை முற்றிலும் அடக்க முடிகிறபோது, வெளியே வார்டில் புற்றுநோயாளி ஏன் வலியால் துடிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை.

வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதல்ல என்பதை 1967-இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ‘முழுமையான வலி’ என்பது அவர் தந்த கருத்து. உடல் வேதனை, மன வேதனை, குடும்பத்தையும் பிழைப்பையும் பற்றிய கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்று உள்ளுக்குள் குடையும் கேள்வி ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளி அனுபவிக்கிற வலி. மருத்துவரின் மாத்திரை இவற்றில் ஒரு பகுதியைத்தான் தொடும். மகளின் பள்ளிக் கட்டணத்தை எண்ணிக் கலங்குகிறவருக்கு எந்த மருந்தை எழுதித் தருவது?

கோழிக்கோட்டுக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார்கள். மருத்துவமனையில் எவ்வளவு நல்ல பிரிவை நடத்தினாலும், கட்டிலை விட்டு எழ முடியாதவர் அங்கே வந்து சேரவே முடியாது. மேலும், பல மாதங்களோ ஆண்டுகளோ நீளும் ஒரு நோயில் மருத்துவர் உடனிருப்பது சில மணி நேரம்தான், மற்ற நேரமெல்லாம் உடனிருப்பது குடும்பமும் அக்கம்பக்கத்தாரும்தான். ஆகவே இந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை அக்கம்பக்கத்தார் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று அவர்கள் துணிந்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரம், கோழிக்கோடு முதலிய வடகேரள மாவட்டங்களில் அக்கம்பக்க வலைப்பின்னலாக இது வளர்ந்தது.

(காட்சி: தேநீர்க் கடை மேசையில் ஓர் உண்டியல்.)

இதன் அமைப்பு எளிமையானது. வாரத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் தன்னார்வலராகச் சேரலாம். அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், அதன்பின் அனுபவசாலிகளுடன் வீடுகளுக்குச் சென்று பழகும் நாட்களும் உண்டு. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, படுக்கைப்புண்ணை எப்படித் தவிர்ப்பது என்பதெல்லாம் அதில் கற்றுத்தரப்படும். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு ஒரு குழுவாகச் சேர்ந்து செவிலியருக்கும் வாகனத்துக்கும் மருந்துக்கும் வழி செய்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி சில்லறையாகத்தான் வந்தது. கடைகளில் வைத்த உண்டியல்கள், மாணவர்கள் திரட்டிய தொகை, நாளுக்கு 1 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்ட கூலித் தொழிலாளர்கள் என்று அது சேர்ந்தது.

என் பார்வையில் இதன் மதிப்பு தொகையில் இல்லை. ஒரு பெருங்கொடையாளர் ஒரே காசோலையில் தருவதைவிட ஆயிரம் பேர் தினமும் ஒரு ரூபாய் தருவது ஏன் மேலானது என்றால், அந்த ஆயிரம் பேரும் ‘நம் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார்’ என்பதைத் தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்கிறார்கள். விழிப்புணர்வு என்று நாம் சொல்வது பதாகையிலும் பேரணியிலும் மட்டும் வருவதல்ல, இப்படியும் வரும். அதோடு, உண்டியலில் காசு போட்டவருக்கு நோயாளியின் முகம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உதவி கேட்கும்போது நோயாளியின் மெலிந்த உடலையும் அழும் குழந்தையையும் புகைப்படமாக்கிப் பரப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் அவர் இறந்த பிறகும் எத்தனையோ பேரின் கைப்பேசியில் கிடக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

(காட்சி: ஓட்டு வீட்டுத் திண்ணை. செவிலியர் கைகழுவுகிறார்.)

இப்போது ஒரு வீட்டுக்குள் செல்வோம். இது குறிப்பிட்ட எவருடைய வீடும் அல்ல, இத்தகைய குழுக்கள் நாள்தோறும் செல்லும் வீடுகளைப் போன்ற ஒன்று. கன்னத்தில் புற்றுநோய் வந்து புண்ணாகிவிட்ட ஒரு முதியவர் உள்ளறையில் படுத்திருக்கிறார். புண்ணிலிருந்து வரும் வாடையால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை. வருகிற உறவினர்களும் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது அவருக்கும் தெரியும், அதனாலேயே கதவை ஒருக்களித்துச் சாத்தச் சொல்லியிருக்கிறார்.

செவிலியர் முதலில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நேற்று இரவு தூக்கம் வந்ததா என்று கேட்கிறார். பிறகு உப்பு நீரால் புண்ணை மெதுவாகக் கழுவுகிறார். மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவுகிறார். வாடைக்குக் காரணமான கிருமிகளை அடக்கும் இந்த மாத்திரை சில ரூபாய்களுக்குக் கிடைக்கக்கூடியது. கட்டுப் போடுவதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, துண்டுகளாக்கி, சமையலறை குக்கரில் ஆவியில் வேகவைத்து எடுத்துக்கொள்வது எப்படி என்று மருமகளுக்குச் செய்து காட்டுகிறார். சில நாட்களில் வாடை குறைகிறது. கதவு திறந்து வைக்கப்படுகிறது. பேரன் கட்டிலில் ஏறி உட்காருகிறான். நோய் அதே நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் ‘செய்வதற்கு ஒன்றும் இல்லை’ என்ற வீட்டில் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

இனி வலி. உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே புற்றுநோய் வலிக்கு ஒரு படிக்கட்டு முறையை வகுத்துக் கொடுத்தது. லேசான வலிக்குப் பாரசிட்டமால் போன்றவை, அதற்கு மேல் வலிமை குறைந்த ஓபியாய்டு (அபினி வகை வலி நிவாரணி) மருந்துகள், கடும் வலிக்கு மார்ஃபின். மார்ஃபின் என்றதும் நம் வீடுகளில் ஒரு நடுக்கம் வருகிறது. போதைக்கு அடிமையாகிவிடுவார், உயிர் சீக்கிரம் போய்விடும், இது கடைசி மருந்து என்றெல்லாம் அஞ்சி, எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் எடுத்து வைத்துவிடும் உறவினர்கள் உண்டு. அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் வலியை அனுபவிப்பவர் வேறொருவர்.

உண்மை இதுதான். மருத்துவர் வலியை அளந்து, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும்போது மார்ஃபின் பாதுகாப்பான மருந்து. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். அதனால் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு எழுதித் தருவது நள்ளிரவில் எழுப்பாமல் தூங்கவிடுவதற்காக. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வலி வருவதற்கு முன்பே கொடுப்பதுதான் முறை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம், அவை பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதுவார்கள். அது சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இவை அனைத்தும் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

(காட்சி: இந்திய வரைபடம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஒளிர்கின்றன.)

இதில் மனத்தை உறுத்தும் ஒரு முரண் இருக்கிறது. மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினி நம் நாட்டிலேயே அரசின் உரிமத்தோடு மூன்று மாநிலங்களில் விளைகிறது, வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பிறகு, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் பெற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். போதைக்காரர்களைத் தடுக்கப் போட்ட வேலி நோயாளியை வெளியே நிறுத்திவிட்டது. ராஜகோபாலும் அவருடன் இருந்தவர்களும் இருபது ஆண்டுகள் போல இதற்காக அரசுக் கதவுகளைத் தட்டினார்கள். மாத்திரை தவறான கைகளுக்குப் போகும் என்ற அச்சத்துக்கு அவர்கள் ஆதாரத்தோடு பதில் சொன்னார்கள். கோழிக்கோட்டில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் வீட்டில் வைத்துச் சாப்பிட மார்ஃபின் கொடுத்தும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்ற ஆய்வு 2001-இல் வெளிவந்தது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் மார்ஃபின் வைத்துக்கொள்ள வழிசெய்தது. சட்டம் மாறியும் அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்காத மருத்துவமனைகள் இருக்கின்றன என்பது வருந்தத்தக்கது.

2008-இல் கேரள அரசு நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. ஊராட்சிகள் செவிலியரை நியமித்து வீடு வீடாக அனுப்பத் தொடங்கின. 2010-இல் 40 நாடுகளில் மரணத் தறுவாயில் கிடைக்கும் கவனிப்பை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் இந்தியா கடைசி இடத்தில் இருந்தது, அதே ஆய்வு கேரளத்தை நம்பிக்கை தரும் விதிவிலக்காகக் காட்டியது.

கேரளத்தால் முடிந்தது பிற இடங்களில் முடியுமா என்ற ஐயம் நியாயமானது. அங்கே எழுத்தறிவும் வாசகசாலைகளும் ஊர்ப் பொதுவேலையில் இறங்கிப் பழகிய மக்களும் முன்பே இருந்தார்கள். ஆனால் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துக் கிராமங்களிலும் இதே முறையில் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் செல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் படுக்கையில் இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இந்தச் சேவைக்குப் பெயர் பதியக் கேளுங்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு இருக்கிறதா, மார்ஃபின் கிடைக்கிறதா என்பதையும் வீடு திரும்பும் நாளுக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

(காட்சி: சிறிய கிளினிக்கின் மேசை. திறந்திருக்கும் பதிவேடு.)

மார்ஃபின் மாத்திரைக்குக் கணக்கு உண்டு. நோயாளி இறந்த பிறகு மிஞ்சிய அட்டையைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அந்த மாத்திரைகளைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் மகனோ மருமகளோ மனைவியோவாக இருப்பார். வேலை முடிந்தாலும் உடனே எழுந்து போக மனமில்லாமல் சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். கேரளத்தின் தன்னார்வலர்களில் இப்படித் தன் வீட்டில் ஒருவரை இழந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள்.