கரோலைனா எடுத்திருக்க வேண்டியது ஸ்ட்ரவுடைத்தான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அமெரிக்கக் கால்பந்தைக் கண்விழித்துப் பார்க்கும் அவையோருக்கும் வணக்கம்.

'2023 டிராஃப்ட்டின் முதல் தேர்வில் கரோலைனா பேந்தர்ஸ் எடுத்திருக்க வேண்டியவர் பிரைஸ் யங்கா, சி.ஜே. ஸ்ட்ரவுடா?' இதுதான் தலைப்பு. டிராஃப்ட் என்பது தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் பல்கலைக்கழக வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி; இந்த இருவரும் குவாட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்கள். அணி யங்கை எடுத்தது. நடுவர் ஐயா தொடக்கத்திலேயே ஒரு வேலி போட்டிருக்கிறார்: 2023 ஏப்ரல் 27 இரவு கான்சஸ் சிட்டி மேடையில் யங்கின் பெயர் வாசிக்கப்பட்டதற்குப் பிறகு நடந்த எதையும் யாரும் சான்றாகக் காட்டக் கூடாது. அந்த வேலியை மனமார வரவேற்கிறேன். அன்றைக்கு மேசைமேல் இருந்த அளவுகளையும் ஆட்டப் பதிவுகளையும் வைத்தே என் கட்சியை நிறுவ முடியும்.

எனக்கு முன் யங்குக்காகப் பேசிய எதிரணிச் சகோதரி, அவர் குள்ளம் என்பதற்கு விடையாக, 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். காரத்தை நான் மறுக்கவே இல்லை. 2021இல் அலபாமா பல்கலைக்கழகத்துக்காக 4,872 யார்டு எறிந்து, 47 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) கொடுத்து, பல்கலைக்கழக ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய பையன் அவர். எதிரணி ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று ஸ்னாப்புக்கு, அதாவது பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு, முன்பே படித்துவிடும் கண் அவருக்கு உண்டு. ஆனால் கடுகின் காரத்தைப் பற்றிப் பேசிய சகோதரி, அது எந்த அம்மியில் அரைபடப் போகிறது என்பதைப் பேசவில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

2022 பருவத்தில் கரோலைனா 7 வெற்றி, 10 தோல்வி. அதற்கு டிராஃப்ட்டில் கிடைத்தது ஒன்பதாவது இடம். முதல் இடம் சிகாகோ பேர்ஸ் கையில். அதை வாங்க 2023 மார்ச்சில் கரோலைனா கொடுத்த விலையைக் கேளுங்கள்: அந்த ஒன்பதாவது தேர்வு, அதே ஆண்டின் 61ஆவது தேர்வு, 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு. இவற்றுக்கும் மேலே, டி.ஜே. மூர். 2019, 2020, 2021 என்று மூன்று பருவங்களிலும் 1,100 யார்டுக்கு மேல் பிடித்த ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர், அவர். ஓட்டத்திலும் பிடிப்பிலும் அணியைத் தாங்கிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை அதற்கு ஐந்து மாதம் முன்பே சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தாயிற்று. மூர் இருந்த இடத்துக்கு வந்தவர்கள் 32 வயது ஆடம் தீலனும் டி.ஜே. சார்க்கும்.

ஆக, வரப்போகும் குவாட்டர்பேக் நுழைவது தூண்களை விற்று வாசற்கதவு வாங்கிய வீட்டுக்குள். இந்த வீட்டில் எந்த வகை எறிதல் தேவைப்படும்? ரிசீவர் தன்னைக் காக்கும் ஆளிடமிருந்து மூன்று யார்டு விலகி நிற்க மாட்டார். ஓர் அடி, இரண்டு அடி விலகுவார். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். காப்பவனின் கை எட்டாத தோள் பக்கம் போய் இறங்க வேண்டும். காலம் தவறாமை, இடம் தவறாமை. இவை இரண்டும்தான் ஸ்ட்ரவுடின் தொழில். 2021இல் அவர் எறிந்தவற்றில் 71.9 விழுக்காடும், 2022இல் 66.3 விழுக்காடும் ரிசீவர் கையில் சேர்ந்தன. யங்குக்கு 66.9, பிறகு 64.5. இரண்டு பருவங்களையும் சேர்த்தால் ஸ்ட்ரவுட் 85 டச் டவுன், யங் 79. இருவருமே எதிரணியிடம் பறிகொடுத்தவை சரியாக 12. யங்தான் பந்தைப் பத்திரமாகக் காப்பவர் என்ற பேச்சு இந்த ஓர் எண்ணோடு முடிந்துவிடுகிறது.

சகோதரி உடனே, '2022இல் யங்குக்கும் நல்ல ரிசீவர்கள் இல்லையே, ஜேமிசன் வில்லியம்ஸ் போய்விட்டாரே, அப்போதும் 32 டச் டவுன் கொடுத்தாரே' என்பார். உண்மை. ஆனால் எப்படிக் கொடுத்தார் என்று பாருங்கள். திட்டமிட்ட எறிதல் அடைபட்டதும் பாக்கெட்டுக்குள் (காவலர்கள் குவாட்டர்பேக்கைச் சுற்றி அமைக்கும் இடம்) வழுக்கி, பின்னால் நகர்ந்து, பக்கவாட்டில் ஓடி, இரண்டரை நொடியில் முடிய வேண்டிய ஆட்டத்தை நான்கு நொடிக்கு இழுத்து, அதற்குள் யாராவது விடுபட்டதும் எறிவார். அழகுதான். பல்கலைக்கழக ஆட்டத்தில் அந்த நான்கு நொடி கிடைக்கும். தொழில்முறையில் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதை விளக்குகிறேன். இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இண்டியானாபோலிஸ் உடற்தகுதித் தேர்வில் யங்கின் உயரம் 5 அடி 10 அங்குலம். அதற்கு மேலே எட்டில் ஒரு பங்கு அங்குலம். அவரைக் காக்க முன்னால் நிற்கும் லைன்மேன்கள் 6 அடி 4, 6 அடி 5. அவர்களை எதிர்த்து வருபவர்களும் அதே உயரம். கையைத் தூக்கினால் எட்டு அடி. ஷாட்கன்னில் ஐந்து யார்டு பின்னால் நின்று ஸ்னாப் வாங்கும் குவாட்டர்பேக், மூன்று காலடி பின்வைத்தால் ஏறத்தாழ எட்டு யார்டு ஆழத்தில் நிற்பார். இடது ஓரக் காவலரான லெஃப்ட் டேக்கிள் தன் காவலை அமைப்பதே அந்த எட்டு யார்டை நம்பித்தான். அவர் பின்பக்கமாகச் சறுக்கி, ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைப் பிடிக்கச் சுற்றிவரும் ரஷரை வட்டமாகத் தள்ளிக்கொண்டே போய், குவாட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் வெறுமையில் விட்டுவிடுவார். வேலை சரியாக முடிந்தது என்று பொருள்.

குள்ளமான குவாட்டர்பேக்குக்கு எட்டு யார்டில் நின்றால் நடு மைதானம் தெரியாது. பத்து, பதினொரு யார்டுக்குப் பின்வாங்கினால்தான் தோள்களுக்கு இடையே சந்து தெரியும். அப்படிப் பின்வாங்கும்போது, டேக்கிள் எந்த இடத்துக்கு ரஷரைத் தள்ளிவிட்டாரோ அதே இடத்தில் குவாட்டர்பேக்கே போய் நிற்கிறார். டேக்கிள் பிழை செய்யவில்லை. ரஷரும் புதிதாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் சாக் விழுகிறது, பந்தோடு குவாட்டர்பேக் வீழ்த்தப்படுகிறார். பயிற்சியாளர் இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. கண்ணுக்குப் பார்வை வேண்டும் என்பதால் கால் தானாகப் பின்னால் போகிறது. கரோலைனாவின் இடதுபக்கக் காவலர் இக்கெம் எக்வோனு, அப்போதுதான் ஒரே ஒரு பருவம் முடித்த இளைஞர். அவர் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றுவதா?

அடுத்தது, மைதானத்தின் கோடுகள். பல்கலைக்கழக ஆட்டத்தில், பந்தை எங்கே வைத்துத் தொடங்கலாம் என்று எல்லை வகுக்கும் ஹேஷ் கோடுகள் இரண்டுக்கும் இடைவெளி 40 அடி. என்.எஃப்.எல்.லில் வெறும் 18 அடி 6 அங்குலம். பல்கலைக்கழகத்தில் பந்தை ஓர் ஓரமாக வைத்துத் தொடங்கும்போது மறுபக்கம் பரந்த வெளி கிடைக்கும். ஓடி வெளியே போகிறவருக்கு அது தோட்டம். தொழில்முறையில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும், அந்த வெளி சுருங்கிவிடும். அப்போது பிழைப்பு நடுவில்தான்: நடுத்தடுப்பாளரான லைன்பேக்கரின் தலைக்கு மேல், கடைசித் தடுப்பாளரான சேஃப்டிக்கு முன்னால், 12 முதல் 15 யார்டு தூரத்தில் உள்ளே வெட்டி ஓடும் ரிசீவருக்கு எறிவது. பந்து லைன்பேக்கரின் விரலைத் தாண்டி ஏறி, சேஃப்டி பாய்வதற்குள் இறங்க வேண்டும். 6 அடி 3 அங்குலத்திலிருந்து, தலைக்கு மேலே உயர்ந்த கையிலிருந்து ஸ்ட்ரவுட் அதைச் செய்வதை ஒஹாயோ ஸ்டேட் பதிவுகளில் வாரா வாரம் பார்க்கலாம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். யங் அந்த உடற்தகுதித் தேர்வில் காட்டிய எடை 204 பவுண்டு. அங்கே அவர் எறியவும் இல்லை, ஓடவும் இல்லை. பிறகு மார்ச் 23 அன்று தன் பல்கலைக்கழகத்தில் எறிந்து காட்டியபோது எடை பார்க்க ஒப்பவில்லை. 2022 அக்டோபர் 1, அர்கன்சா ஆட்டத்தில் எறியும் தோளிலேயே காயம். அடுத்த டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்தில் இறங்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் துணிச்சல்காரர். ஆனால் 17 ஆட்டப் பருவத்துக்கு அந்த உடம்பை அனுப்புகிறவர்கள் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

'டிரூ பிரீஸ் குள்ளம்தானே, ரஸ்ஸல் வில்சன் குள்ளம்தானே' என்று சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. பிரீஸ் 2001இல் 32ஆவதாக எடுக்கப்பட்டவர். வில்சன் 2012இல் 75ஆவதாக, மூன்றாம் சுற்றில். அந்த அணிகள் எடுத்த ஆபத்துக்குக் கொடுத்த விலை சிறியது. தேறாமல் போயிருந்தால் அடுத்த ஆண்டு வேறொருவரை எடுத்திருப்பார்கள். கரோலைனாவுக்கு அந்த வழி கிடையாது. 2024இன் முதல் சுற்று சிகாகோவின் பெட்டியில் பூட்டியிருக்கிறது. கைலர் மர்ரியைக் காட்டுவீர்கள். 2019இல் முதலாவதாகப் போனவர், யங்கின் உயரமேதான். மர்ரியிடம் கால் இருந்தது. வழி அடைத்தால் 40 யார்டு ஓடிவிடும் வேகம் இருந்தது. யங் ஓடுவது தப்பிப்பதற்கு, யார்டு பறிப்பதற்கு அன்று.

இன்னொன்று, யாருடைய ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிறோம்? 2023 ஜனவரியில் கரோலைனா கொண்டுவந்த தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக். இண்டியானாபோலிஸில் ஐந்து பருவம் அவர் ஆட்டத்தை நடத்திய முதன்மைக் குவாட்டர்பேக்குகள் யார்? ஆண்ட்ரூ லக், ஜகோபி பிரிசெட், ஃபிலிப் ரிவர்ஸ், கார்சன் வென்ட்ஸ், மேட் ரையன். ஐவருமே 6 அடி 4 அங்குலமோ அதற்கு மேலோ. பாக்கெட்டில் நின்று, காவல் வரிசைக்கு மேலாகப் பார்த்து, நேரத்துக்கு எறிகிறவர்கள். அவருடைய ஆட்டப் புத்தகமே அப்படி வளர்ந்தது. அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதச் சொல்வதா, அதை முதல் நாளே திறந்து படிக்கத் தெரிந்த பையனைக் கொடுப்பதா?

எதிரணி மறுபடி மறுபடி சொன்ன வசை ஒன்று உண்டு: 'ஸ்ட்ரவுட் சொகுசில் வளர்ந்தவர். கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே, மார்வின் ஹாரிசன் ஜூனியர் என்று சுற்றிலும் தேர்ந்த ரிசீவர்கள். யாரும் அவரைத் தொட்டதே இல்லை. ஓடச் சொன்னால் ஓட மாட்டார். மிச்சிகனிடம் இரண்டு முறை தோற்றவர்.' மிச்சிகன் தோல்விகளை ஒப்புக்கொள்கிறேன். 2022இல் 45-23, அதில் இரண்டு எறிதலை எதிரணியிடம் பறிகொடுத்தார். ஓடத் தயங்கினார் என்பதும் பருவத்தின் பெரும்பகுதிக்குச் சரியே.

ஆனால் 2022 டிசம்பர் 31 இரவு, அட்லான்டாவில், சாம்பியன் பட்டத்துக்கான அரையிறுதியான பீச் பவுல். எதிரே நடப்புச் சாம்பியன் ஜார்ஜியா, நடுவில் அவர்களின் தடுப்பாட்டக்காரர் ஜாலன் கார்ட்டர். அந்த ஆண்டு பல்கலைக்கழக மைதானத்தில் தொழில்முறைக்கு மிக நெருங்கிய சோதனை அதுதான். ஸ்ட்ரவுட் 34 எறிந்து 23 சேர்த்தார். 348 யார்டு, 4 டச் டவுன், பறிகொடுத்தது ஒன்றுமில்லை. தொட முடியாத பாக்கெட் அன்று இல்லை, இடித்தார்கள், துரத்தினார்கள். அவர் பாக்கெட்டுக்குள்ளேயே ஓரடி முன்னேறி, பக்கம் மாறி, கண்ணை மட்டும் மைதானத்தின் ஆழத்திலிருந்து எடுக்காமல் எறிந்தார். மூன்றாம் கால்பகுதி முடிவில் ஒஹாயோ 38-24 என முன்னிலை. அதே கால்பகுதியில் தலையில் அடிபட்டு ஹாரிசன் வெளியேறிவிட்டார். முன்பே மற்றொரு ரிசீவர் ஜேக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா காயத்தால் இல்லை. சொகுசு முழுவதும் கழன்ற நிலையில், 42-41 எனப் பின்தங்கி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, ஓட மாட்டார் என்ற அதே பையன் 27 யார்டு ஓடி, பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். 50 யார்டு உதை விலகிப்போனது. அது உதைத்தவரின் கணக்கு. குவாட்டர்பேக்கிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அன்றிரவு விடை கிடைத்துவிட்டது.

'ஒரே ஓர் ஆட்டம்' என்பார்கள். அவருக்கு முடியுமா என்பதுதானே ஐயம்? முடியாதவர் ஜார்ஜியாவுக்கு எதிராக ஓர் இரவும் செய்ய முடியாது.

எஸ்-2 தேர்வைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கணினித் திரையில் உருவங்களைத் தொடர்ந்து, கண்ணும் கையும் எவ்வளவு விரைவில் முடிவெடுக்கின்றன என்று அளக்கும் தேர்வு. யங் 98, ஸ்ட்ரவுட் 18 என்று ஏப்ரலில் கசிந்தது. அந்த 18 உண்மையாகவே அவரைச் சொல்கிறது என்றால், சேஃப்டியைக் கண்ணால் ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் எறிந்தவர் யார்? இரண்டு பருவத்தில் 830 முறை எறிந்து 12 மட்டுமே பறிகொடுத்தவர் யார்? திரையில் எடுத்த அளவு மைதானத்தில் எடுத்த அளவோடு மோதினால், நான் மைதானத்தை நம்புவேன். 'ஒஹாயோ ஸ்டேட் குவாட்டர்பேக்குகள் தொழில்முறையில் தேறுவதில்லை' என்பதற்கும் இதே விடை. சட்டை பந்தை எறிவதில்லை.

நடுவர் ஐயா, எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து பேச வரும் அண்ணன் தகவல் நிறைந்தவர் என்று அறிவேன். அவரிடம் ஒரே ஓர் ஆட்டத்தைக் கேட்கிறேன். மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, 9 யார்டு வேண்டும். எதிரணி ஆறு பேரைப் பாயக் காட்டி, ஸ்னாப் ஆனதும் இருவரைப் பின்னிழுத்து நடுவில் நிறுத்துகிறது. மூர் இல்லை. தீலன் 12 யார்டில் உள்ளே வெட்டுகிறார், காப்பவன் அவர் தோளிலேயே ஒட்டியிருக்கிறான். எக்வோனு தன் ரஷரை எட்டு யார்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போகிறார். இந்த இடத்தில் யங் எந்த ஆழத்தில் நிற்பார், யார் தலைக்கு மேலாகப் பார்ப்பார், பந்து எப்போது கையை விடும்? அண்ணன் இந்த மூன்றுக்கும் விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.