தேம்ஸ் மேல் ஆடிய பாலம்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல், நடந்து போகிறவர்களுக்கென்றே கட்டிய மில்லேனியம் பாலம் இருக்கிறது. 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடியதுதான் காரணம். பொறியாளர்கள் கோட்டை விட்டார்கள் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கென்னவோ, அந்த ஆட்டத்தில் அந்த இடத்துக்கும் பங்குண்டு என்று தோன்றுகிறது.

வடகரையில் செயின்ட் பால் தேவாலயம். லண்டனை எரித்த 1666 பெருந்தீக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் எழுப்பியது. எதிரே தென்கரை, பேங்க்சைடு. அந்தக் காலத்தில் அங்கே நகர நிர்வாகத்தின் பேச்சு அவ்வளவாக எடுபடாது. ஆகவே நகருக்குள் ஆகாது என்றவையெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன: நாடகக் கொட்டகை, விலைமாதர் விடுதி, கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் கொடூர வேடிக்கை. 1599இல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் எழுந்ததும் அங்கேதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் படகில்தான் அக்கரை போனார்கள். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரும்வரை, அந்தப் பக்கத்தில் இருந்தது லண்டன் பாலம் ஒன்றுதானே! சவாரிக்குக் காத்திருக்கும் படகோட்டி உட்கார்ந்த கல் இருக்கை ஒன்று, பேங்க்சைடில் ஒரு கட்டடச் சுவரில் இன்னும் பதிந்திருக்கிறது. கொஞ்சம் பருமனான ஆள் என்றால் அதில் உட்காருவது சிரமம்.

பின்னாளில் அதே கரையில் ஒரு மின் நிலையம் வந்தது. அதன் புகைபோக்கியைக்கூட தேவாலயக் கோபுரத்தைவிட உயரம் குறைத்தே கட்டினார்கள். மின் நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000 மே மாதம் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது.

சரி, பாலத்துக்கு வருவோம். தேவாலயக் காட்சியை மறைக்கக் கூடாது. அதனால் உயர்ந்த தூண்களை விட்டுவிட்டு, கம்பி வடங்களைப் பக்கங்களில் ஏறக்குறையப் படுக்கையாகவே இழுத்துக் கட்டினார்கள். நடுப்பகுதியின் நீளம் 144 மீட்டர். அதில் வடத்தின் தொய்வு 2.3 மீட்டர்தான். அவ்வளவு ஒல்லி! ஒரு பக்கம் பேராலயம், மறுபக்கம் அப்போதுதான் திறந்த கலைக்கூடம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒரே சமயத்தில் ஏறக்குறைய 2,000 பேர் பாலத்தில் நின்றார்கள். பாலம் லேசாக அசைந்ததும், விழாமலிருக்க எல்லோரும் அந்த அசைவுக்கேற்பக் கால் வைத்தார்கள்; அதனாலேயே அசைவு இன்னும் கூடியது. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு நடத்திய சோதனையில் தெரிந்த விஷயம் சுவாரஸ்யமானது: 150 பேர் போல நடக்கும்வரை பெரிதாக ஒன்றும் இல்லை, இன்னும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஆட்டம் திடீரென்று எகிறுகிறது.

கார்களில் இருப்பதுபோன்ற அதிர்வுதாங்கிகளைப் பெரிய அளவில் பொருத்தி, 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

அப்புறம் இதையும் கேளுங்கள். 2023 அக்டோபரில் பராமரிப்பு வேலைக்காகப் பாலத்தை மூடியபோது, அடியிலிருந்து ஒரு வைக்கோல் கட்டைத் தொங்கவிட்டார்கள். பாலத்துக்கு அடியில் உயர இடைவெளி குறைந்தால் படகுகளுக்கு அப்படி எச்சரிக்கை செய்ய வேண்டும் என்பது தேம்ஸில் இன்றும் உள்ள பழைய விதி. ராத்திரியில் வைக்கோலுக்குப் பதில் வெள்ளை விளக்கு.