விளிம்பு தாழ்ந்த படகு

வணக்கம் நேயர்களே. காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் முப்பது வருஷமாக என் தொழில். பிறந்தது எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். எங்க நைனா கட்டுமரத்தில் கடலுக்கும் போவார், ஆற்றிலும் வலை போடுவார்.

இரண்டு மாசம் முன்னால் காட்டுக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். "அண்ணா, ஆத்துக்கு ஒரு போட்டு வேணும். பக்கச் சுவரை மட்டும் ஒரு சாண் இறக்கிக் குடுங்க. வலை இழுத்து இழுத்து நைனாவுக்கு இடுப்பே போயிடுச்சு" என்றான். இப்படிக் கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நியாயம். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிற இடத்தை நீங்கள் பாலத்தின் மேலிருந்து பார்த்திருப்பீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது கழி ஊன்றினால் தரை எட்டாத இடங்கள் அங்கே இருந்தன. அனல் மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காக வந்து படிந்து, அதே இடத்தில் இன்று வத்தத்தின்போது, அதாவது தண்ணீர் கடலுக்கு வடியும் நேரத்தில், முழங்கால் தண்ணீர்தான். கடலுக்குப் போகும் ஃபைபர் படகை அங்கே கொண்டுபோனால் அடி தட்டி நின்றுவிடும். பக்கம் தாழ்த்திய படகுக்குப் பொருள் குறைவு, எடை குறைவு. ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும். மேட்டில் ஏறிக்கொண்டால் இரண்டு பேர் இறங்கித் தள்ளிவிடலாம்.

காற்றையும் சொல்ல வேண்டும். மத்தியானம் கடல்காற்று எழும்பினால் உயரமான பக்கம் பாய் மாதிரி காற்றை வாங்கும். ஒருவர் கழி ஊன்றி ஒருவர் வலை விடும்போது படகு ஒதுங்கிக்கொண்டே போகும், வலை கோணலாக விழும். தாழ்ந்த படகு விட்ட இடத்தில் நிற்கும்.

ஆனால் அந்தத் தம்பி கேட்டது அவன் அப்பாவின் இடுப்புக்காக. நண்டு வலை எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அது புரியும். விளிம்பு உயரமாக இருந்தால், வலையை நண்டோடும் சேற்றோடும் தண்ணீரிலிருந்து தூக்கி, விளிம்பைத் தாண்டி உள்ளே போட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தூக்கு. தாழ்ந்த படகில் மண்டியிட்டு உட்கார்ந்தாலே போதும். முழங்கை வரை கை தண்ணீரில் இருக்கும். வலை தண்ணீரோடு தண்ணீராக வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். நண்டின் கால் விளிம்பில் அடிபட்டு உடையாது. கால் உடைந்த நண்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று கடலோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்களுக்கும் இதுதான் வசதி. அறுபது வயசிலும் ஒரு முழங்காலை மேலே போட்டு ஏறிவிடலாம்.

இனி ஆபத்து. "அந்தக் காலத்துக் கட்டுமரத்துக்குப் பக்கமே கிடையாதே, அதுல போகலியா?" என்று கேட்கிறார்கள். போனோம். கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய கட்டைகள். மேலே ஏறிய அலை இடுக்கு வழியாக வடிந்துவிடும், தண்ணீர் தங்க அதில் குழியே இல்லை. ஃபைபர் படகு ஒரு தொட்டி. அதன் பக்கத்தை வெட்டிவிட்டு, கட்டுமரம் மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்புவதுதான் ஆளைக் கொல்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 20 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள ஆற்றுப் படகில் ஏறக்குறைய 50 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். வெறும் படகு தண்ணீருக்கு மேலே 20 சென்டிமீட்டர் தெரிகிறது என்று வையுங்கள். மூன்று ஆள், என்ஜின், நனைந்த வலை, மீன் பெட்டி எல்லாம் சேர்ந்து 500 கிலோ ஆனால், மிச்சம் இருப்பது 10 சென்டிமீட்டர். 20 இருந்தபோது 18 பாகை சாய்ந்தால்தான் விளிம்பு தண்ணீரைத் தொடும். 10 ஆகிவிட்டால் 9 பாகைக்கே தொட்டுவிடும். மூன்று பேரும் ஒரே பக்கம் வந்து வலையை எட்டிப் பார்த்தால் போதும். உள்ளே வந்த தண்ணீரும் சும்மா இருக்காது, சாய்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும்.

இதை நான் அனுபவித்தே கற்றேன். இருபது வயசு இருக்கும். அன்று மடவை மீன் நல்லாக் கிடைத்தது. மூன்று பேர், நிறைந்த பெட்டிகள், பின்னால் என்ஜின், அதன் பக்கத்தில் நான். கரை கிட்டே வந்ததும் என்ஜினைச் சட்டென்று குறைத்தேன். படகு நின்றது, எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் அலை நிற்கவில்லை. பின்பக்கம் ஏறி உள்ளே கொட்டியது. அடுத்த மூச்சில் படகு எங்கள் காலடியில் இல்லை. இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் கீழே சேறு, மேலே வலை. மாமாவின் காலில் சுற்றிய வலையைக் கத்தியால் அறுத்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார். ஆழம் இல்லாத இடத்தில் பயம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கால் ஞாபகம் வரும்.

முகத்துவாரம் இன்னும் மோசம். வத்தத் தண்ணீர் வெளியே பாயும்போது கடல் அலை எதிரே வந்தால், அந்த இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். தாழ்ந்த படகுக்கு அங்கே வேலையே இல்லை. "வாசல் வரைக்கும்தானே" என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஆள் ஏற்றிச் சவாரி விடுவதையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். வடசென்னையில் அந்த நாளை மறந்தவர்கள் இல்லை.

அப்படியானால் தாழ்த்தவே கூடாதா? தாழ்த்தலாம், ஆனால் தண்ணீர் ஏறினாலும் மிதக்கும்படி செய்துவிட்டுத் தாழ்த்த வேண்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த என்ஜின் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு, தண்ணீர் நிறைந்தாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் பட்டறையிலும் அதைச் செய்ய முடியும். 200 கிலோ ஃபைபர் உடம்பு தண்ணீருக்குள் போனால் சுமார் 70 கிலோ எடைதான். என்ஜினையும் சேர்த்து 200 லிட்டர் ஃபோம், அதாவது லேசான நுரைக் கட்டி, தாங்கிவிடும், ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்கவும் போதும். அந்த ஃபோமை அடியில் வைக்காதீர்கள். அடியில் வைத்தால் தண்ணீர் ஏறிய படகு குப்புறப் புரளும். இரண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே, மேலாக வைக்க வேண்டும். விலை குறைவு என்று தெர்மாகோலைப் போட்டு அதன் மேலேயே ரெசின் ஊற்றுகிறார்கள். ரெசின் பட்டதும் தெர்மாகோல் கரைந்து சுருங்கிவிடும். வெளியே பார்த்தால் அழகான பெட்டி, உள்ளே ஒன்றும் இருக்காது. பழுதுக்கு வந்த படகுகளை வெட்டிப் பார்த்தபோது இதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பியூ ஃபோம், அதாவது பாலியூரித்தேன் ஃபோம்தான் போட வேண்டும்.

அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, மூடிக் கட்டுங்கள். பின்பக்கப் பலகையை மட்டும் தாழ்த்தாதீர்கள். தண்ணீர் இறைக்கும் குவளையைக் கயிற்றில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் முதலில் மிதந்து போவது அதுதான்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "காசு கூட ஆகுமே அண்ணா" என்றான். ஆகும் என்றேன். நடுவில் ஒரு சாண் இறக்கினேன், பின்பக்கத்தை இறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஃபோம் அடைத்தேன். பட்டறை வாசலில் படகைத் தண்ணீரால் நிரப்பிக் காட்ட முடியாது என்பதால், போன வாரம் ஆற்றிலேயே இறக்கி, நான்கு பேர் சேர்ந்து விளிம்பை அமுக்கி, முழுக்கத் தண்ணீர் ஏற்றினோம். மட்டமாக நின்றது. அவன் அப்பா தண்ணீரில் நின்றபடியே விளிம்பில் முழங்காலைப் போட்டு ஏறி உட்கார்ந்து, குவளையைக் கேட்டு வாங்கி இறைக்க ஆரம்பித்தார்.

வணக்கம்.