கேஸ் தீர்ந்துவிட்டதாம்!

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஃப்ரீசர் சரியாகக் குளிரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான் வரும்: “கேஸ் தீர்ந்துபோயிருக்கும், நிரப்பச் சொல்லுங்கள்.” இந்த ஒரு வார்த்தையோடு நான் வெகு காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று வானொலியிலும் போடப்போகிறேன்.

ஃப்ரீசருக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல, செலவாவதற்கு. கம்ப்ரசர், பின்பக்கத்துக் குழாய், உள்ளே குளிர்கிற குழாய்ச் சுருளான ‘காயில்’, மறுபடி கம்ப்ரசர் என்று அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எல்லா மூட்டுகளையும் பற்ற வைத்து மூடிவிட்ட குழாய் அது. பத்து வருடம் ஓடினாலும் போட்ட கேஸ் போட்டபடியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியில்தான் போகும். “வருடத்துக்கு ஒரு தரம் கேஸ் நிரப்ப வேண்டும்” என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

சரி, நான் பேச வந்தது பீரோ மாதிரி நின்ற வாக்கில் இருக்கும் ஃப்ரீசரைப் பற்றி. மூடியை மேலே தூக்கித் திறக்கும் பெட்டி ஃப்ரீசர் வேறு. நிற்கும் ஃப்ரீசரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் தட்டுகளே குளிர்க் குழாய்கள். அவற்றின் மேலேயே பனி படியும், நீங்கள்தான் அவ்வப்போது அணைத்துக் கரைக்க வேண்டும். இன்னொன்று ஃப்ராஸ்ட் ஃப்ரீ, பனியைத் தானே கரைத்துக்கொள்ளும். அதில் காயில் பின்சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஒரு சிறிய ஃபேன் அந்தக் குளிரை உள்ளே ஊதும். உங்களுடையது எது என்று சந்தேகமா? உள்ளே பின்சுவரில் காற்று வரும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ.

இதில் ஒரு கதை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா வீட்டில் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர். ஒருநாள் ஐஸ்கிரீம் கூழாகிக் கிடந்தது, இறைச்சிப் பொட்டலத்தை அழுத்தினால் விரல் பதிந்தது. மெக்கானிக் வந்தார், கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார், “கேஸ் போய்விட்டது” என்றார். வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். ஃப்ரீசர் பிரமாதமாக ஓடியது. கல் மாதிரி உறைந்தது எல்லாம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் ஐஸ்கிரீம் கூழ். மறுபடியும் வண்டி, பட்டறை, கேஸ், இரண்டு நாள். திரும்பி வந்ததும் மறுபடியும் பிரமாதம். மறுபடியும் பன்னிரண்டாம் நாள் கூழ்.

அந்த அம்மா கெட்டிக்காரர். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு தடவையும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டி, “ஏண்ணா, பட்டறைக்குப் போனால் குணமாகிறது, எங்கள் வீட்டில் நின்றால் படுத்துக்கொள்கிறது. வீட்டில்தான் ஏதாவது கோளாறா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் பாதி நிஜமாகவே கேட்டார்.

எனக்குச் சந்தேகம் வர அந்த வட்டங்களே போதுமாக இருந்தன. ஓட்டை வழியே கேஸ் கசிந்தாலும் இப்படி ஆகலாம், ஆனால் உள்ளே பனி சேர்ந்து அடைத்தாலும் இப்படித்தான் தேதி பார்த்துப் படுத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொருள்களை இறக்கச் சொன்னேன். பின்சுவர்ப் பலகையின் திருகுகளைக் கழற்றி மெல்ல இழுத்தால் பலகை வரமாட்டேன் என்கிறது. பனி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் இளகவிட்டு எடுத்தோம். உள்ளே காயில் எங்கே என்றே தெரியவில்லை. மேலிருந்து கீழ் வரை வெள்ளைச் சுவர். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு இண்டு இடுக்குகூட விடாமல் பனி அடைத்திருந்தது. ஃபேன் இறக்கைகள் பனியில் தாங்களே குடைந்துகொண்ட குழிக்குள் இருந்தன. காற்று போக வழியே இல்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பனி காயில் முழுவதும் ஒரே சீராகப் படிந்திருந்தது. அப்படியென்றால் கேஸ் காயில் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது, குறையே இல்லை. கேஸ் குறைந்த ஃப்ரீசரில், கேஸ் உள்ளே நுழைகிற முனையில் மட்டும் ஒரு திட்டு பனி இருக்கும், மற்ற இடம் ஈரமாகவோ வெறுமையாகவோ கிடக்கும். காயிலைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

அப்புறம் ஏன் கேஸ் நிரப்பியதும் இரண்டு தடவையும் சரியானது? கேஸ் நிரப்பியதால் சரியாகவில்லை! பட்டறையில் இரண்டு நாள் கதவு திறந்து, மின்சாரம் இல்லாமல் நின்றது பாருங்கள், அப்போது உள்ளே இருந்த பனி தானாகக் கரைந்து ஓடிவிட்டது. அதுதான் வைத்தியம். பெயர் மட்டும் கேஸுக்குப் போயிற்று. அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். ஃப்ரீசர் நன்றாக ஓடியதைப் பார்த்து அவரும் நம்பியிருப்பார். நம்மை ஏமாற்றும் ஆளைவிட, தானும் சேர்ந்து ஏமாறுகிற ஆளிடம்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

வழக்கமாக இந்தப் பனி எப்படிக் கரைய வேண்டும்? கம்ப்ரசர் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும், டைமரோ எலக்ட்ரானிக் பலகையோ அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரை 20, 30 நிமிடம் ஏற்றும். குளிர்ப்பெட்டிக்குள் ஹீட்டரா என்று கேட்காதீர்கள், உண்டு. பனி கரைந்து தண்ணீராகி, ஒரு துளை வழியாகக் குழாயில் இறங்கி, வெளியே கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். இந்தச் சங்கிலியில் ஹீட்டர் அறுந்தாலும், சூட்டைப் பார்த்து ஹீட்டரை அணைக்கும், அருகில் இருக்கும் பைமெட்டல் சுவிட்ச் போனாலும், டைமர் மாட்டிக்கொண்டாலும், பனி கரையாமல் நாளுக்கு நாள் ஏறும். அந்த அம்மா வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தோம், ஹீட்டர் அறுந்திருந்தது. புது ஹீட்டர் போட்டதும் நாட்காட்டியில் வட்டம் போடும் வேலை நின்றது.

ரேடியோவை இப்போதுதான் போட்டவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். ஃப்ரீசரை ஒரு நாள் அணைத்து, கதவைத் திறந்து வைத்து, பனியெல்லாம் கரைந்தபின் போட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம் நன்றாக ஓடி, அப்புறம் படுத்துக்கொள்கிறதா? கேஸ் அல்ல. டிஃப்ராஸ்ட், அதாவது பனி கரைக்கும் ஏற்பாடு, வேலை செய்யவில்லை. இந்தச் சோதனைக்குத் திருகுளிகூட வேண்டாம், ஒரு பழைய துண்டும் பொறுமையும் போதும். பலகையைக் கழற்றுவது பழக்கம் உள்ளவர்கள் வேலை. ஆனால் மெக்கானிக் வந்து “கேஸ்” என்று ஆரம்பித்ததும், “காயிலைத் திறந்து காட்டுங்கள், பனி எப்படிப் படிந்திருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார்.

சரி, இவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது? கதவு வழியாகத்தான். வெளிக்காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே புகுந்து உறைகிறது. நிற்கும் ஃப்ரீசரில் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழ்ப்பக்கமாக வழிந்து வெளியே ஓடிவிடும். அந்த இடத்தை ஈரக் காற்று பிடித்துக்கொள்ளும். பெட்டி ஃப்ரீசருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனால் நிற்கும் ஃப்ரீசருக்குக் கதவு ரப்பர்தான் உயிர்.

ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடுங்கள், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மெல்ல இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் சரி. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கத்து மூலைகளில் பாருங்கள். உடனே ரப்பரை மாற்ற ஓடவேண்டாம். முதலில் சோப்புத் தண்ணீரில் மடிப்புகளுக்குள் துடையுங்கள், பாதிக் கோளாறு அழுக்குதான். எங்காவது உள்ளே மடிந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி இளக்கி, விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடி வையுங்கள். உள்ளே காந்தப் பட்டை இருக்கிறது, பல சமயம் அதுவே பிடித்துக்கொள்ளும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்புறம் முன்கால்களைத் திருகி ஃப்ரீசரை ஒரு பொட்டு பின்னால் சாய்த்து வைத்தால், பாதியில் விட்ட கதவு தானாகப் போய் மூடிக்கொள்ளும்.

சிலர் கேட்பார்கள், கதவை மூடிய கையோடு திறந்தால் வரவே மாட்டேன் என்கிறதே, பழுதா என்று. ரப்பர் நன்றாக இருப்பதற்கு அதுவே அடையாளம். உள்ளே போன வெதுவெதுப்பான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது, அதனால் கதவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிடியை உடைக்காமல் ஓரிரு நிமிடம் பொறுங்கள், தானாக வரும். பக்கச் சுவர் தொட்டால் சுடுகிறதே என்பார்கள். பல மாடல்களில் சூட்டுக் குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது, அதனால்தான். பின்னால் கறுப்புக் குழாய் வெளியே தெரிகிற மாடல் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள், போதும்.

கையால் பனி கரைக்கும் ஜாதி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பனி அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அணைத்துக் கரையுங்கள். கத்தி வேண்டாம். கத்தி வேண்டவே வேண்டாம். தட்டுக்குள்ளே ஓடும் குழாயில் ஒரு குத்து விழுந்தால் போதும், அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும். இன்றைய ஃப்ரீசர்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. அளவு கொஞ்சம்தான், ஆனாலும் உஸ் என்று சத்தம் கேட்டால் ஜன்னல்களைத் திறங்கள், நெருப்புப் பற்ற வைக்காதீர்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் பனி தானாக உருகி, பாளம் பாளமாகக் கையோடு வரும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ உள்ளே அடித்தட்டில் தண்ணீர் தேங்கிப் பனித்தரை மாதிரி உறைகிறதா? அந்த வடிகால் துளை உறைந்து அடைத்திருக்கிறது. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் திறக்கும். பின்சுவர்த் துளைகளுக்கு முன்னால் பொட்டலத்தை முட்ட வைக்காதீர்கள். பொருள் நிறைய இருக்கலாம், காற்றுக்கு மட்டும் வழிவிட வேண்டும்.

குளிர் எவ்வளவு இருக்க வேண்டும் என்றால் -18 டிகிரி செல்சியஸ். கதவில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு தெர்மோமீட்டரை இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே ஒரு நாள் வைத்துப் பாருங்கள். டிஃப்ராஸ்ட் நடக்கும்போது காற்றின் குளிர் கொஞ்சம் குறையும், பொருளின் குளிர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கம்ப்ரசர் சத்தங்களைப் பற்றி நிறையச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். சில நொடி உறுமி, “டிக்” என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி உறுமி “டிக்” என்றால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலே, மின்னழுத்தக் குறைவு, கம்ப்ரசர் என்று இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். ரிலே சின்னப் பொருள்தான், முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். எதற்காக அணைத்தாலும் மறுபடி போடுமுன் 5 நிமிடம் விடுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரம். வெளியூர் போகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் கிடந்தால் உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, எடுத்துப் போட்டுவிடுங்கள். வணக்கம்.