புது நோட்டு வந்தால் பழைய நோட்டை மூடுங்கள்

(அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் மதுரையில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பேசியது. நடுவில் இருமியதையும் தண்ணீர் கேட்டதையும் விட்டுவிட்டு, மற்றபடி பேசினபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'பொது சுகாதாரத்தில் புதுமைகளை நடைமுறைப்படுத்துதல்'. அழைப்பிதழைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "முப்பத்தஞ்சு வருசம் மாத்திரை எண்ணிக் குடுத்த ஆளுக்கு இந்தத் தலைப்பா?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை, அதிகாரியும் இல்லை, உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து 2023ல் ஓய்வு பெற்றவன். மருந்தாளுநர் என்பது ஆர்டரில் இருந்த பெயர், ஊர்க்காரர்களுக்குக் கடைசி நாள் வரைக்கும் நான் கம்பவுண்டர்தான். ஆனால் ஒன்று, சென்னையில் கிளம்புகிற எந்தப் புதுமையும் கடைசியில் வந்து நிற்கிற இடம் என் ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் சேர்ந்தது 1988. அப்போது மாத்திரை ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் வரும். காலையில் ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு, தகடு ஒன்றை வைத்து ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, பழைய பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் கட்டி வைக்க வேண்டும், வெளியே கூட்டம் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் சத்து மாத்திரையின் மேல்பூச்சு கசிந்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கடலை மிட்டாய் மாதிரி ஆகிவிடும், அதைப் பிரித்து எடுப்பதற்குள் மதியம் வந்துவிடும். வாங்கிப் போகிறவர் அந்தப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி ஊர் போய்ச் சேரும்போது வியர்வையில் ஊறி, எது சளி மாத்திரை எது காய்ச்சல் மாத்திரை என்று அவருக்கும் தெரியாது, நாளைக்கு அவரே கொண்டுவந்து காட்டினால் எனக்கும் தெரியாது. மருந்து கேட்டு இன்டெண்ட் போடுவோம். கேட்டது வராது, கேட்காதது வரும். ஒரு வருசம் எங்களுக்குச் சொறி மருந்து வந்த அளவுக்கு ஊரில் தோலே கிடையாது.

1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். 1995 ஜனவரியில் இருந்து மருந்து அவர்கள் வழியாக வரத் தொடங்கியது. மாநிலம் முழுக்கத் தேவையான மருந்துக்கு ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் மருந்துக் கிடங்கு, கிடங்குக்கு வந்த சரக்கில் மாதிரி எடுத்துக் கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவது. அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து ஒதுக்கியிருக்கிறது, எது வேண்டுமோ அதை எடு, எடுத்ததை இதில் கழித்துக்கொள், மிச்சம் எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள். அவ்வளவுதான். தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம் எப்படியோ அப்படி.

மாத்திரை டப்பாவுக்குப் பதிலாக அட்டையில் வந்தது. தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு இல்லை என்று அச்சடித்த அட்டை. நான் தட்டையும் தகட்டையும் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். எண்ணுவது போனது, பொட்டலம் போனது, கேட்காத மருந்தைக் காலாவதி ஆகும்வரை காவல் காக்கிற வேலை பெரும்பாலும் போனது. திருட்டும் குறைந்தது, ஏனென்றால் அந்த அட்டையைக் கொண்டுபோய் எந்த மெடிக்கலில் கொடுத்தாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கேரளாவும் ராஜஸ்தானும் இதே மாதிரி கழகம் ஆரம்பித்தன. இதற்கு நீங்கள் விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை பாருங்கள், பாஸ்புக்கும் அட்டையும் எல்லோருக்கும் தெரிந்த சாமான்கள். ஆனால் முப்பது வருசம் கழித்தும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று யோசித்தால் எனக்குத் தெரிவது ஒரே காரணம்: கடைசியில் உட்கார்ந்திருக்கிறவன் கையில் இருந்து அது வேலையை எடுத்தது.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், வெளிநோயாளிகளுக்கு டோக்கன் மிஷின் வைத்தார்கள். பட்டனை அமுக்கினால் சீட்டு வரும், மேலே சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடும். முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் பேப்பர் ரோல் தீர்ந்தது. ரோல் வாங்க எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் அண்ணன் பழையபடி அட்டைப் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பேனாவில் நம்பர் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார், கூடவே மிஷினுக்கு மேலே உறை போட்டுத் தினமும் தூசி தட்டுகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒரு வேலை இரண்டு வேலை ஆனது, அதுதான் அந்தப் புதுமையின் கணக்கு.

செவிலியர் தங்கைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். கர்ப்பிணித் தாயின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், சரி. அதையே பதிவேட்டிலும் எழுத வேண்டும், மாத அறிக்கைக்கு மறுபடி கூட்டிப் போட வேண்டும், அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் அதே எண்ணிக்கையை "அவசரம்" என்று கேட்பார்கள். ஒரு கிராம சுகாதார செவிலியர் என்னிடம் சொன்னது: "சார், டேப் குடுத்தாங்க, நல்லதுதான். டேப்பை வைக்கிறதுக்குப் பையில எடமில்ல, நோட்டு இருக்கு." அதனால்தான் சொல்கிறேன், புது நோட்டு வந்தால் பழைய நோட்டை மூடுங்கள்.

மதுரையில் நின்று பேசிக்கொண்டு டாக்டர் ஜி. வெங்கடசாமியைச் சொல்லாமல் போனால் நீங்களே விடமாட்டீர்கள். 1976ல், 58 வயதில் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர். நம் ஆட்கள் அதிகம் சொல்லாத விஷயம், கண் முகாம் நடத்தும் பாடத்தை அவர் படித்தது அரசு டாக்டராக இருந்த காலத்தில், அதாவது நம்மைப் போல அரசுச் சம்பளம் வாங்கிய காலத்தில். அப்புறம் அங்கே ஆபரேஷன் அறையைக் கவனியுங்கள். ஒரு மேஜையில் ஒருவருக்கு முடியும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார், டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்று இல்லாத ஒவ்வொரு வேலையையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 1992ல் ஆரோலேப் ஆரம்பித்து, வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்த கண் லென்சை இங்கேயே செய்து விலையை அடியோடு இறக்கினார்கள். எல்லாம் எடுத்ததுதான், சேர்த்தது கம்மி.

இனி காசநோய். இதில் கொஞ்சம் நிற்கிறேன், இது எனக்குப் பிடித்த கதை.

எய்ம்ஸ் வருகிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்த தோப்பூரில் காசநோய் ஆஸ்பத்திரி பல காலமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. படுக்கை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1956ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இன்னொரு பகுதியை, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கிற அவர்கள் வீட்டிலேயே இருக்கவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாகப் போனதில் நம் சென்னைக் குடிசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து 1952லேயே வந்துவிட்டது. வீடு தேடிப் போனதுதான் புதுசு.

சரி, அறுபது வருசம் கழித்து அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால், வீட்டுக்கு அனுப்பக்கூடாத சிலரும் போய்விடுகிறார்கள். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். அதனால் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நோய் என்று தெரிந்த அன்றைக்கே சில விஷயம் பார்க்க வேண்டும்: உயரத்துக்கு எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிசத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. ரத்தப் பரிசோதனை வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், டாக்டர் வருகிறவரை காத்திருக்கவும் வேண்டாம். ஆக்சிஜன் பார்க்கிற கருவி கொரோனா காலத்தில் வந்து பீரோவில் கிடந்தது, அதற்கும் வேலை வந்தது.

என் ஜன்னலுக்கு எதிரே நடந்ததைச் சொல்கிறேன். கொத்தனார் வேலை பார்க்கிற ஒருவர், நாற்பதுக்குள் வயது, ஐந்தேகால் அடி உயரம், எடை முப்பத்து நாலு கிலோ. நன்றாகத்தான் பேசுகிறார், மாத்திரையைக் கொடுத்தால் பஸ் பிடித்துப் போய்விடுவார். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார், நான் அதை சாதாரணமாகத்தான் நினைத்தேன். செவிலியர் தங்கை வந்து, "அண்ணே, கையை எடுத்துட்டுச் சும்மா நில்லுங்க" என்றாள். எடுத்தார். பத்து எண்ணுவதற்குள் முழங்கால் ஆடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேரணும் என்றால் மாட்டை யார் பார்ப்பது என்று அழுகிறார். அவர் மச்சினனுக்குப் போன் போட்டு வரவழைத்து, மாட்டுக்கு வழி செய்த பிறகுதான் ஆம்புலன்சில் ஏறினார். மூன்று மாதம் கழித்து வந்தபோது கம்பியைப் பிடிக்காமல் நின்று, "கம்பவுண்டரு, இப்ப எண்ணுங்க" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நான் மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருப்பேன், சத்தியமாக.

அடுத்தது என்னுடைய சொந்தத் தோல்வி. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. சுய உதவிக் குழுவில் இருக்கிற பெண்களே பிரஷர் மிஷினும் சர்க்கரை பார்க்கிற கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிறார்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் சபை விருதுகூடக் கிடைத்தது. எங்கள் ஊர் தன்னார்வலர் முதல் மாதமே ஒன்றைக் கண்டுபிடித்தார்: பத்து மணிக்குப் போனால் எல்லா வீடும் பூட்டியிருக்கிறது, சனம் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறது. அதனால் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவார்.

ஒரு அப்பத்தாவுக்கு மாசாமாசம் மாத்திரை போகிறது, ஆனால் பிரஷர் இறங்கவே இல்லை. ஒருநாள் தன்னார்வலர் சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தால் ஆறு அட்டை, பிரிக்காமல் இருக்கிறது. கேட்டதற்கு, "முன்ன செவப்பு எழுத்து அட்டை குடுத்தீக. இது நீலமா இருக்கு. இது எனக்குக் கேக்காது தாயி" என்றதாம் கிழவி. டெண்டரில் கம்பெனி மாறியிருக்கிறது, அட்டையின் நிறம் மாறியிருக்கிறது, மருந்து அதேதான். இருபத்தைந்து வருசமாக நான் புகழ்ந்துகொண்டிருக்கிற அதே அட்டை இப்படியும் ஒரு வேலை பார்த்திருக்கிறது.

அந்தத் தன்னார்வலர் என்னிடம் வந்து, "சார், அட்டை மாறும்போது முன்னாடியே சொல்லுங்க" என்றார். நான் ஒரு காரியம் செய்தேன். நிறம் மாறுகிற மாதம் பழைய காலி அட்டையில் ஒரு துண்டையும் புதிய அட்டையையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன், இரண்டும் ஒன்றுதான் என்று பார்த்ததும் தெரியும்படி. அப்பத்தா மாத்திரை போட ஆரம்பித்தது. எனக்கு ஒரே பெருமை, ஒரு பின்னில் முடித்துவிட்டோம் என்று.

நான் ஓய்வு பெற்ற மறுமாதமே அது நின்றுவிட்டது. என் இடத்துக்கு வந்த தம்பி நல்ல பையன், சோம்பேறி இல்லை, ஆனால் இரண்டு நிலையங்களைச் சேர்த்துப் பார்க்கிறான், அவன் எத்தனை அட்டைக்குப் பின் அடிப்பான்? நான் அவனிடம் இருந்து எதையும் எடுக்கவில்லை, ஒரு வேலையைச் சேர்த்து வைத்துவிட்டு மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கம்பெனி எது மாறினாலும் பிரஷர் மாத்திரைக்கு அட்டை ஒரே நிறம்தான் என்று டெண்டரிலேயே ஒரு வரி போட்டால் யாரும் பின் அடிக்க வேண்டாம். அதை எழுதி மேலே அனுப்ப எனக்கு அப்போது தோன்றவில்லை.

(பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு பொண்ணு எழுந்து, "சார், நீங்க சொல்றீங்கன்னு பழைய நோட்டை மூடிட்டா மெமோ வராதா?" என்று கேட்டது. ஹாலே சிரித்தது.)

வரும் பாப்பா, எனக்கே வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பு ஏறுகிறது என்று ஒரு இருப்புப் பதிவேட்டை எழுதாமல் விட்டேன். ஏன் எழுதவில்லை என்று மெமோ. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதுவதால் தப்பு வருகிறது, நேரம் போகிறது, அந்த நேரத்தில் ஜன்னலில் இத்தனை பேரைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி முழுவதையும் நிதானமாகப் படித்தார், நல்ல மனிதர், தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது சரிதான். இதையே மூணு காப்பி எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.